மரத்தால் இறங்க விடாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முந்திய உங்கள் ஞாயிறு இதழில், கைப்பேசிச் செயலிகள் செய்யும் நம்மூர் இளைஞர் ஒருவரின் கட்டுரை வந்திருந்தது. ஆசையோடு ஒரு செயலியை இறக்குகிறவர்கள் மூன்றாம் நாளே அதை மறந்துபோகிறார்கள், அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எப்படி என்பதுதான் விஷயம். அதற்கு அவர் முதலில் சொன்ன வைத்தியம் 'ஸ்ட்ரீக்'. ஒருநாளும் விடாமல் வருகிறவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நாளை எண்ணிக் காட்ட வேண்டுமாம். ஒருநாள் தவறினால் எண்ணைப் பூச்சியமாக்கிவிட வேண்டுமாம். செலவில்லாத வழி என்றும் எழுதியிருந்தார். செய்கிறவருக்குச் செலவில்லைத்தான். அந்த வைத்தியத்தை 417 நாள் குடித்தவன் என்ற முறையில் மற்றப் பக்கத்துக் கணக்கை நான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 68. அராலியில் இருக்கிறேன். கள்ளுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். மகள் கலியாணம் முடித்து ஜெர்மனியில். பேரனுக்கு எட்டு வயது. தமிழில் சொன்னால் விளங்கிக்கொள்வான், வாயால் வராது. அவன் தமிழுக்கு வரும்வரை காத்திருந்தால் எனக்குக் காலம் காணாது என்று நானே ஜெர்மன் படிக்க வெளிக்கிட்டேன். கொழும்பில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன்தான் போனில் ஒரு மொழிச் செயலியை இறக்கித் தந்தான்.

நன்றி கெட்டு எழுதக்கூடாது. முதல் இரண்டு மாதமும் அது எனக்கு நல்ல வாத்தியார். ஜெர்மன்காரனுக்குச் சூரியன் பெண், சந்திரன் ஆண், பெண்பிள்ளை அஃறிணை! ஆண், பெண், அஃறிணைச் சொல்லுக்கு முன்னால் வரும் 'டெர், டி, டாஸ்' என்பதை நான் விறாந்தையில் இருந்து சொல்ல, "இந்த வயசிலை ஆரை ஏசிக்கொண்டு இருக்கிறியள்?" என்று மனைவி குசினியில் இருந்து கேட்பார். காலையில் தேத்தண்ணியோடு பத்து நிமிடம், அவ்வளவுதான். எண் 30 ஆனபோது அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

நூறைத் தாண்டிய பிறகு ஏதோ மாறிவிட்டது. எந்த நாள் என்று குறித்துச் சொல்ல முடியாது. பாடம் படிக்கத் திறந்த செயலியை எண்ணைக் காப்பாற்றத் திறக்கத் தொடங்கியிருந்தேன். களைத்த நாளில் புதுப் பாடம் எடுப்பதில்லை. முதல் மாதம் படித்த 'அப்பிள், பால், தண்ணீர்' பாடத்தைத் திரும்பத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் நாள் ஏறிவிடும். சங்கத்தில் நான் எழுதிய பேரேட்டில், ஒரு தொழிலாளி எத்தனை நாள் மரம் ஏறினார் என்று எழுத ஒரு நிரல் கிடையாது. எத்தனை லீற்றர் கொண்டுவந்து ஊற்றினார் என்பதுதான் கணக்கு. இந்தச் செயலி ஏறின நாளை மட்டும் எண்ணியது. முட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கவேயில்லை.

263ஆம் நாள் நடந்ததை என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் போட்டால் வாசிப்பார், பரவாயில்லை. அவருடைய தமையன், என் மச்சான், செத்துப்போனார். வட்டுக்கோட்டையில் செத்தவீடு. பிரேதம் கிடத்தியிருந்த இரவு, பந்தலுக்குள் ஆட்கள் கடதாசி விளையாடிக்கொண்டு முழித்திருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்குச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போன் துடித்தது. 'நாள் முடியப் போகிறது' என்ற அறிவிப்பு. காலையில் இருந்து சாமான் ஏற்றி இறக்கி, ஐயருக்குச் சொல்லி, ஆட்களுக்கு அறிவித்து, ஜெர்மனை மறந்தே போனேன். எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய், வாழை மறைவில் நின்று அப்பிள், பால், தண்ணீர். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். பாடம் முடிந்ததும் செயலி வெற்றி மேளம் அடித்தது. தேத்தண்ணிக் கிளாஸ் கழுவிக்கொண்டு நின்ற பெடியன் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஐயா, கிரிக்கெட்டோ?" என்றான். "ஓம் தம்பி" என்றேன். செத்தவீட்டில் கிரிக்கெட் பார்த்தால் சனம் மன்னிக்கும். ஜெர்மன் படித்தேன் என்று எப்படிச் சொல்வது?

மகன் அடுத்த முறை வந்தபோது இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உள்ளே இருக்கும் வேலையை விளங்கப்படுத்தினான். செயலி செய்கிறவர்கள், இறக்கியவர்களில் எத்தனை பேர் முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் திரும்பி வருகிறார்கள் என்று பார்ப்பார்களாம். ஆரம்ப நாட்களில்தான் கூடுதலாக ஆட்கள் உதிர்வதால், ஏழாம் நாளுக்கே பட்டாசு வெடித்து வாழ்த்துவார்கள். அதற்குப் பிறகு எண் தானே ஆளைப் பிடித்துக்கொள்ளும். டானியல் கானமன், ஆமொஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இலேயே எழுதிவிட்ட விஷயமாம் இது. நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, கையில் இருந்த நூறு ரூபாய் தொலையும் வலி பெரிது. கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. நாள் ஏற ஏறத் தொலைக்க இருப்பது கூடிக்கொண்டே போகிறது. மூன்று நாளோடு விட்டால் மூன்று நாள் நட்டம், 263 நாளோடு விட்டால் 263 நாள் நட்டம். உண்மையில் இரண்டிலும் விடுபடுவது ஒரே ஒரு நாள்தான் என்பது கணக்கெழுதியவனான எனக்கே கிணற்றடியில் தோன்றவில்லை.

இதில் இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டும் வகை இன்னும் பொல்லாதது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ.எல். படிக்கிறாள். படம் அனுப்பும் ஒரு செயலியில் அவளும் கூட்டாளியும் மாறி மாறித் தினமும் அனுப்பினால்தான் எண் நிற்கும். சோதனை நேரம் தாய் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்ட, பிள்ளை தன் கடவுச்சொல்லை வேறொரு சிநேகிதியிடம் கொடுத்துத் தனக்காக அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அனுப்பிய படம் எல்லாம் என்ன என்று கேட்டேன். சுவர், முகட்டு ஓடு, இருட்டு. "அதை ஆரும் பாக்கிறேல்லை அங்கிள், அனுப்பினாச் சரி" என்றாள்.

என்னுடைய எண் நெடுந்தீவில் விழுந்தது. ஒரு கலியாணத்துக்குக் குறிகட்டுவானில் படகேறிப் போனவர்கள், கடைசிப் படகை விட்டுவிட்டோம். போனில் சார்ஜ் இல்லை, சார்ஜரும் கொண்டுபோகவில்லை. மற்றவர்கள் முற்றத்தில் பாயைப் போட்டுப் பழங்கதை பேசினார்கள். நாற்பது வருடத்துக்குப் பிறகு கண்ட பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் அதில் இருந்தான். அவன் சொன்ன கதைகளில் பாதி என் காதில் விழவில்லை. என் போனுக்குப் பொருந்தும் வயர் எந்த வீட்டில் இருக்கும் என்பதே யோசனை.

மறுநாள் வீட்டுக்கு வந்து போனை உயிர்ப்பித்தால் பூச்சியம். தவறிய நாளை மூட இலவசமாகத் தரும் காப்பு இரண்டையும் முன்னமே செலவழித்துவிட்டிருந்தேன். கீழே ஒரு பொத்தான்: காசு கட்டினால் பழைய எண்ணைத் திருப்பித் தருவார்களாம், டொலரில். முடிந்துபோன நேற்றை இண்டைக்கு விலைக்கு வாங்கலாம்! முப்பது வருடக் கணக்குத் தொழிலில் இப்படியொரு வரவை நான் எந்த ஏட்டிலும் கண்டதில்லை. கட்டவில்லை. ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை இது: அதற்குப் பிறகு மூன்று கிழமை அந்தச் செயலியைத் திறக்கவே மனம் வரவில்லை. ஆளைத் தக்கவைக்கும் வழி என்று கட்டுரையாளர் சொல்கிறார், என்னை அதேதான் ஒரே நாளில் வெளியே தள்ளியது.

அந்த மூன்று கிழமையில்தான் என் அப்பு நினைவுக்கு வந்தார். அவர் சீவல் தொழில் செய்தவர். மாசி தொடக்கம் ஆடி வரை காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் கள்ளுச் சுரக்கும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து அந்தப் பாளையே வீண். மழை, திருவிழா, காய்ச்சல், எதுவும் பாளைக்குத் தெரியாது. சின்ன வயதில் எனக்கு அது பெரிய கொடுமையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் ஸ்ட்ரீக் என்பது அங்கேயே இருந்திருக்கிறது. ஆனால் அப்புவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் சித்தப்பா தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு எங்கள் மரங்களிலும் ஏறினார். அதற்கு ஒரு சதம் வாங்கவில்லை, அடுத்த மாதம் அவருக்காக அப்பு ஏறினார். ஆடி முடிய அப்பு பாளைக்கத்தியைத் தீட்டி, எண்ணெய் பூசி, தாழ்வாரத்தில் செருகிவிட்டு மரத்தால் இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு ஏன் ஏறவில்லை என்று பனை அவரைக் கேட்டதில்லை.

நல்லூர்த் திருவிழாவும் அப்படித்தான். 25 நாளும் மச்சம் தொடாமல், ஒருநாள் விடாமல் போய் வருகிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! ஆனால் கொடியேறும்போதே இறங்கும் நாளும் தெரியும். முடிந்த கையோடு மீன் சந்தையில் நிற்கும் சனத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். என் செயலியில் கொடி ஏறியது மட்டும்தான். 417 அல்ல, 4,170 வந்தாலும் இறங்காது.

இதைச் சொன்னபோது மகன், "அப்பா, எல்லாரும் அப்படி இல்லை" என்று ஒரு செய்தி சொன்னான். மென்பொருள்காரர் தங்கள் நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்திலும் முன்பு இப்படி நாள் எண்ணிக் காட்டினார்களாம். ஞாயிறு, பெருநாள் பாராமல் எண்ணுக்காகவே எதையாவது போடுகிறார்கள் என்ற முறைப்பாடு நெடுநாள் இருந்தது. 2016 மே மாதம் அந்த எண்ணிக்கையைத் தூக்கிவிட்டார்கள். தளம் அதனால் படுத்துவிடவில்லை, அவனே தினமும் அதில்தான் வேலை செய்கிறான். இன்னொன்று: வீடியோ பார்த்தால் புள்ளி, ஆளைக் கூட்டிவந்தால் புள்ளி என்று டிக்டொக் லைட் 2024 ஏப்ரலில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஒரு பரிசுத் திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஆணையம் விசாரணையில் இறங்க, ஆகஸ்ட் மாதமே ஐரோப்பாவில் அதை நிரந்தரமாகக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். அது ஸ்ட்ரீக் இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். நம்மூர் அரசாங்கம் இதில் கை வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செய்கிற பிள்ளைகளைத்தான் கேட்கிறேன்.

தம்பி, நீங்கள் எண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 30 வந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் கிழமையில் ஐந்து நாள் வந்தால் போதும் என்று வையுங்கள். நூறு நாள் என்று ஒரு கொடியிறக்கம் வைத்து, முடித்தவருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லி, வேண்டுமானால் புதிதாகத் தொடங்கட்டும் என்று விடுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு ஆளைத் தட்டி எழுப்பாதீர்கள். தவறிய நாளை விற்காதீர்கள். தவறியவருக்குப் பூச்சியத்தைக் காட்டாமல் இதுவரை 417 நாள் படித்திருக்கிறீர்கள் என்று காட்டினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? அந்த 417 நாளும் நான் படித்ததுதானே. முடிந்தால் லீற்றரையும் எண்ணுங்கள். அது கஷ்டம் என்று தெரியும்.

லீற்றர் கணக்கு எனக்கு வேறு வழியால் வந்தது. எண் விழுந்து நாலாம் கிழமை மகள் வீடியோவில் வந்து, பேரனை அம்மப்பாவோடு பேசக் கூப்பிட்டாள். அவன் அந்தப் பக்கம் இருந்து, "இஷ் ஹாப் கைனென் பொக்" என்று கத்தினது கேட்டது. 417 நாள் படித்தவன் அல்லவா, 'என்னிடம் இல்லை' என்பது வரை பிடிபட்டது. 'பொக்' தெரியவில்லை. அகராதியில் தட்டினேன், கிடாய் என்று வந்தது. "என்ன பிள்ளை, தன்னட்டைக் கிடாய் இல்லையெண்டு சொல்லுறான்? ஆர் இப்ப அவனட்டைக் கிடாய் கேட்டது?" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அது அப்பா... இப்ப கதைக்க விருப்பமில்லையெண்டு இஞ்சத்தைப் பிள்ளையள் அப்பிடிச் சொல்லுங்கள்" என்றாள்.

கிடாய்க் கதையைத் தாய் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் அவனே எடுத்தான், "அம்மப்பா, பொக்?" என்று. அன்று தொடக்கம் சனிக்கிழமை தோறும் ஒரு குரல் பதிவு அனுப்புகிறான். நான் அதை நாலு தரம் போட்டுக் கேட்டு, விளங்காத சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, மகளிடம் கேட்டு, பதிலுக்கு ஒன்று அனுப்புகிறேன். சில சனி அவனுக்கு மறந்துபோகும், சில சனி எனக்கு. செயலியும் போனில் இருக்கிறது, நேரம் கிடைத்தால் திறக்கிறேன். எண் இப்போது 2 என்று நிற்கிறது.

வரும் ஆவணியில் பள்ளிக்கூட லீவுக்கு அவன் வருகிறான். தெற்கு வீட்டில் ஒரு கறுத்தக் கிடாய் நிற்கிறது, அதுவரை விற்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கக் கணக்கர்,
அராலி.