எழும்பூரிலிருந்து 9.40க்கு

அன்புள்ள சங்கருக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாதம் இரண்டு தடவை மதுரைக்கு விமானத்தில் போவதை விட்டுவிட்டு ராத்திரி வண்டிக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாறலாம். ஆனால் எல்லா ஊருக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

சென்னையிலிருந்து மதுரையும் கோவையும் ரயிலில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். ஒரு தூக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த தூரம் அது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ராத்திரி 9.40க்கு எழும்பூரை விட்டால், விடியும் நேரத்தில் மதுரை. விமானம் பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனாலும் காலை பத்து மணி வேலைக்கு நாலு மணிக்கே எழுந்து மீனம்பாக்கம் ஓட வேண்டும். அந்தத் தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெங்களூருக்கு இது சரிவராது. 360 கிலோமீட்டர்தான், ராத்திரி ஏறினால் இருட்டோடு இறக்கிவிட்டுவிடுவார்கள். மும்பை என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல், அதற்கு விமானம்தான்.

மதுரை மாதிரி ஊருக்கு வேகம் போதும், பெர்த் கிடைப்பதுதான் பெரிய பிரச்சினை. எல்எச்பி என்கிற புது வகைப் பெட்டியில் மூன்றாம் ஏசிக்கு 72 பெர்த். மூன்று பெட்டி சேர்த்தாலே ஒரு ஏ320 விமானத்துக் கூட்டம் அடங்கிவிடும். ஆனால் இருக்கிற வண்டிகள் ஏற்கெனவே இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளோடுதான் ஓடுகின்றன. புது வண்டி விடலாம் என்றால், எல்லோருக்கும் வேண்டியது ராத்திரி ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையே புறப்படும் வண்டி. அந்த நேரத்துக்குள் எத்தனை வண்டிதான் விட முடியும்? தினசரி வண்டிக்கு இரண்டு ரேக், அதாவது இரண்டு முழுப் பெட்டித் தொடர், வேண்டும். ஒன்று போகும்போது மற்றது வரும். விமானம் ஒரே நாளில் நாலைந்து தடவை சம்பாதிக்கும், படுக்கை வண்டி ராத்திரிக்கு ஒரு தடவைதான். ஐரோப்பாவில் ராத்திரி வண்டிகள் சறுக்குவதும் இங்கேதான். ஆஸ்திரிய ரயில்வேயின் படுக்கை வண்டியான புது நைட்ஜெட் ஏழு பெட்டியில் 254 பேரைத்தான் ஏற்றுகிறது. பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியதும் பாரிஸ்–வியன்னா நைட்ஜெட் 2025 டிசம்பரோடு நின்றுபோனது. நம் வண்டிகள் தாக்குப்பிடிப்பது நெருக்கி அடுக்கிய பெர்த்தாலும், சரக்கு வருமானம் பயணிக் கட்டணத்தைத் தாங்குவதாலும்.

வந்தே பாரத் ஸ்லீப்பர் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறார்கள். 16 பெட்டி, 823 பெர்த். கொல்கத்தா பக்கத்து ஹவுராவிலிருந்து அசாமின் காமாக்யா மாதிரி ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கும் தடத்துக்கு அது சரி. மதுரைக்கு எட்டு மணி நேரத்தை ஆறரை ஆக்கினால் என்ன லாபம்? நம் தூக்கம்தான் குறையும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடு. திரும்பி வரும்போதும் பாண்டியனையே பார். அது மதுரையிலேயே கிளம்புவதால் காத்திருப்புப் பட்டியல் நகரும், டிக்கெட்டில் ஜிஎன்டபிள்யூஎல் (பொதுக் காத்திருப்புப் பட்டியல்) என்று இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் வண்டியில் பிக்யூ, ஆர்எல் என்று தொடங்கும் வேறு காத்திருப்புப் பட்டியலில் விழுந்தால் நம்பாதே, வழியில் ஏறுபவர்களுக்கான கோட்டா சின்னது. ஆன்லைன் டிக்கெட், சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போடும்வரை வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். கடைசி நேர முன்பதிவான தட்கால், பயணத்துக்கு முந்தின நாள் காலை திறக்கும், ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. அதற்கு உன் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்துவை.

மூன்றாம் ஏசியில் 33 முதல் 40 வரை பெட்டியின் நடுப்பகுதி. சக்கரச் சத்தமும் கழிவறைக் கதவும் அங்கே தொந்தரவு செய்யாது. எட்டின் மடங்கு எல்லாம் சைடு அப்பர். உன் உயரத்துக்கு வேண்டாம். எல்எச்பி வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் ஒரு உலுக்கு உலுக்கும், அதற்கு எந்தப் பெர்த்திலும் தப்ப முடியாது.

ஆர்ஏசி, அதாவது உட்கார மட்டும் இடம் உறுதி என்று, வந்தால் சைடு லோயரில் இன்னொருவரோடு உட்கார்ந்துகொண்டே போக வேண்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் விமானத்திலேயே போய்விடு.

அன்புடன்,
ராஜாமணி