தூர்வாருங்கள், உள்வாய்ச் சரிவை விட்டுவையுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், நீர்வளத் துறை, ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஏரிப் பாசனத்தை நம்பி முக்கால் ஏக்கர் நெல் நடுபவன் நான். குளிர்காலத்தில் நீர்ப்பறவைகளை எண்ணிக் குறித்துவைக்கும் பழக்கமும் உண்டு. தூர்வாரவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. வண்டல் ஏறிய ஏரியால் கடைமடைக்காரர் படும் பாட்டை நானும் பட்டிருக்கிறேன். தூர்வாரும் விதத்தைப் பற்றித்தான் என் முறையீடு.

உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரின் அனுமதியோடு வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொக்லைன் இறங்கியபின், மண் எங்கே வாகாகக் கிடைக்கிறதோ அங்கே செங்குத்தாகத் தோண்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அந்த நீர் வயலுக்குப் பாயாது என்பதைப் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிணறுகளுக்கு ஊறும் என்பது உண்மை. தண்ணீர் குடிக்க இறங்கும் மாடு ஏற முடியாமல் தவிப்பதும் உண்மை.

பறவைகளுக்கு இது இன்னும் பெரிய இழப்பு. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வலசை வரும் கொசு உள்ளான், சிட்டுக்குருவி அளவே இருக்கும்; அதன் கால் நம் சுண்டுவிரல் நீளம்கூட இராது. சேற்றின்மேல் நீர் மெல்லிய ஏடாகப் படர்ந்திருக்கும் இடத்தில்தான் அதனால் இரை பொறுக்க முடியும். பவளக்கால் உள்ளானுக்கு அதைவிடச் சற்று ஆழம் தாங்கும். நாரைக்கும் கொக்குக்கும் முழங்கால் ஆழம் போதும். ஏரியின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் நீர் தேங்கும் பரப்பில், தண்ணீர் வற்ற வற்றப் பின்வாங்கும் அந்தச் சரிவுதான் இவை எல்லாவற்றுக்கும் பந்தி. அதைக் குழியாக்கிவிட்டால் முங்கி மீன்பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் பிழைத்துக்கொள்ளும், மற்றவை வேறு ஏரி தேடிப் போகும்.

ஒரு மே மாதக் கடைசியில் எங்கள் ஏரியில் வேலை நடந்தபோது, டிப்பர் போகும் தடத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஆள்காட்டி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்தது. கூடென்று ஒன்றும் இல்லை. சரளைக்கற்களுக்கு நடுவே சிறு பள்ளம், கரும்புள்ளி தெறித்த மண்நிற முட்டைகள். தாயும் தந்தையும் மாறிமாறி ஓட்டுநரின் தலைக்குமேல் கத்திக்கொண்டு பாய்ந்தன. அவர் இரக்கமுள்ளவர்தான், இரண்டு நாள் வண்டியை ஒதுக்கி ஓட்டினார். மூன்றாம் நாள் வேறொருவர் வந்தார். பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். ஆனால் பணி ஆணையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லாதபோது ஓட்டுநரைக் குறைசொல்லி என்ன பயன்?

சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலையிலும் இதே கதைதான். நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். இரண்டும் முள்மரம், விறகு எடைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன.

ஆகவே இனி வழங்கும் பணி ஆணைகளில், வரத்துக்கால்வாய் வந்து சேரும் பக்கத்து உள்வாய்ச் சரிவைத் தொடக்கூடாது என்றும், எடுக்கும் இடத்திலும் பக்கங்களைச் சாய்வாகவே வெட்ட வேண்டும் என்றும், நாட்டுக் கருவேலங்களுக்கு முன்னதாகவே சுண்ணாம்புக் குறி இட வேண்டும் என்றும் சேர்க்க வேண்டுகிறேன். இதனால் கொள்ளளவு கொஞ்சம் குறையலாம். ஏரிநீர் பாயும் ஆயக்கட்டு நிலத்துக்காரனாகிய நான் அதை ஏற்றுக்கொண்டுதான் கேட்கிறேன். தரையில் முட்டையிடும் பறவைகளுக்கும் மண்ணெடுக்க வசதியான கோடைதான் காலம் என்பதால், வேலையைத் தள்ளிவைக்கச் சொல்வதில் பொருளில்லை. இயந்திரம் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ஊராட்சிக்குத் தகவல் சொல்லுங்கள். உள்வாயை நடந்து பார்த்து, முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவைக்க எங்கள் ஊரில் நான்கு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆயக்கட்டு உழவன்