ஜல்லியாகும் முன் ஒரு நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சரளைக் குவாரிகளில் அகேட் கல் தேடுகிறவன் நான். எரிமலைக் குழம்பு இறுகும்போது அதில் தங்கிவிட்ட குமிழிகளுக்குள் சிலிக்கா படலம் படலமாகப் படிந்து உருவாகும் கல் இது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் இதன் கடினம் ஏறத்தாழ 7. தாய்ப்பாறை உதிர்ந்து மண்ணான பிறகும் இது நிலைத்து, ஆறு உருட்டி வந்த சரளையோடு சேர்ந்து கிடக்கிறது.

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் இளவெயிலை நோக்கி நடந்தால், ஒளி ஊடுருவும் கல் உள்ளிருந்தே மினுங்கும். மெழுகுப் பளபளப்பு, மேலே சிறு குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கத்தி முனையால் கீறினாலும் கோடு விழாது. காய்ந்த கல்லில் வரிகள் மங்கித்தான் தெரியும். தண்ணீர் தெளித்தால் துலங்கும். இதே சிலிக்கா வகையைச் சேர்ந்த, ஒளி புகாத ஜாஸ்பர் கல்லும், சில இடங்களில் கல்லாக மாறிய மரத் துண்டுகளும் கிடைப்பதுண்டு.

குவாரி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சலிக்கும்போது ஒதுங்கும் பெரிய கற்கள் பெரும்பாலும் நொறுக்கும் எந்திரத்துக்குத்தான் போகின்றன. அந்த வரிகள் நொடியில் ஜல்லியாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. எந்திரம் ஓடாத விடுமுறை நாளில், அந்தக் குவியலை மட்டுமாவது திறந்துவிடுங்கள். தேடுகிறவர்களும் அனுமதியின்றி நுழையக் கூடாது. செங்குத்தாக வெட்டிய சரளைச் சுவரின் அடியில் நிற்கவே வேண்டாம், சொல்லாமல் சரியும்.

இப்படிக்கு,
கல் சேகரிக்கும் வாசகர்