ஊட்டியில் பழைய கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலயக் குழுவினருக்கும், வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பும் இளைஞர் அணியினருக்கும் வணக்கம்.

கல்லறைத் திருநாளுக்குள் பழைய கல்லறைகளையும் கழுவி வெள்ளையடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தில் உள்ளது போன்ற 19ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளுக்கு அது தோதான காலம் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கல் நனைந்தே கிடக்கும். அடுத்து டிசம்பர், ஜனவரியில் உறைபனி. உள்ளே இறங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் கல்லின் மேல்தோல் உரியும். பிப்ரவரி பாதிக்குமேல், மார்ச்சுக்குள் செய்யுங்கள். திருநாளுக்குப் புல் வெட்டி, பூ வைத்தால் போதும்.

அங்கே இருப்பவற்றில் ஒன்று ஹென்ரியட்டா சலிவனின் கல்லறை. அவரும் மகள் ஹாரியட்டும் 1838இல் இறந்தார்கள். கணவர் ஜான் சலிவன் கோயம்புத்தூர் கலெக்டர்; 1819இல் மலையேறி வந்து, பிறகு ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்டியவர். (தோடரும் படகரும் கோத்தரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலை இது. சலிவனை ‘முதலில் குடியேறியவர்’ என்று யாராவது சொன்னால், ஐரோப்பியரில் முதல்வர் என்றே கொள்ள வேண்டும்.) ஜான் சலிவன் 1855இல் இங்கிலாந்தில் காலமானார். இப்படிப்பட்ட கல்லறைகளில் நாம் காப்பாற்ற வேண்டியது பளபளப்பை அல்ல, எழுத்தை.

எழுத்தை அழிப்பதில் முதலிடம் ஆசிட்டுக்கு. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். பாத்ரூம் ஆசிட் பட்டதும் பொங்கும் நுரையை அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம், போவது கல். அடுத்த மழைக்குள் சர்க்கரை போலப் பொடி உதிரும். குத்துவிளக்கு துலக்கும் புளியும் எலுமிச்சையும் அதே வேலையைத்தான் மெதுவாகச் செய்யும். பிளீச்சிங் பவுடர் விட்டுப்போகும் உப்பு, கல்லுக்குள் படிகமாகி உள்ளிருந்தே உடைக்கும். கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தண்ணீரே பெரும்பாலும் போதும். முதலில் விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தாலோ, மணல் உதிர்ந்தாலோ அந்தக் கல்லைத் தொடாதீர்கள். உறுதியாக இருந்தால் நன்றாக நனைத்துவிட்டு, பாசியையும் கற்பாசியையும் மூங்கில் சிராயால் மெதுவாக எடுங்கள். பிறகு மென்மையான நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாக வட்டமாகத் தேய்த்து, ஊற்றிக்கொண்டே இருங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கிக் கறையாகிவிடும். ஒரே நாளில் வெளுக்க வைக்க முயல வேண்டாம். லேசான கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளையடிப்பதை முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். செங்கல் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசிய கல்லறை மேடைக்குச் சுண்ணாம்பு நல்ல பாதுகாப்பு. பெயர் வெட்டிய பலகைமீது மட்டும் படக்கூடாது. எனாமலும் எமல்ஷனும் எங்கேயும் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்துவிடும். கல் இணைப்புகளை சிமென்டால் அடைப்பதும் அப்படித்தான். பழைய சுண்ணாம்புக் காரையைவிட அது கெட்டி. ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லின் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு சேர்த்துக் குழைத்து இணைப்பில் பூசி, ஈரச் சாக்கால் மூடிச் சில நாள் வைத்திருங்கள். ஊட்டிக் குளிரில் இது மெதுவாகத்தான் இறுகும். மார்ச்சுக்குத் தள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

இடுக்கில் வேர்விட்ட செடியைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். பிடுங்காமல், தண்டை அடியில் வெட்டி விடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல் கல்லைக் கீறும். கல்லைச் சுற்றி அரை அடிக்குக் கத்தரியால் வெட்டுங்கள். இரும்புக் கிராதி துருப்பிடித்தால் பருத்து, கல்லைப் பிளக்கும். தளர்ந்த துருவை அகற்றித் துருத்தடுப்புப் பெயின்ட் அடிக்கலாம், கல்லில் சிந்தாமல்.

எதைத் தொடும் முன்பும் படம் எடுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸும் மைதாவும் ஷேவிங் ஃபோமும் பூச வேண்டாம். ஆளுயரக் கண்ணாடி ஒன்றால் வெயிலைப் பக்கவாட்டில் கல்லை உரசினாற்போல் திருப்பினால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானே தெரியும். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளுக்கென்றே 1976இல் தொடங்கிய பாக்ஸா (BACSA) சங்கம் கல்லறை வாசகங்களைப் பதிவு செய்து வருகிறது. உங்கள் படங்களின் ஒரு பிரதியை அவர்களுக்கும் அனுப்புங்கள். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து மறுபடி செதுக்கவோ, கறுப்புப் பெயின்டால் நிரப்பவோ அனுமதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கல்லறைக் கற்களைப் பராமரிக்கும் தொழிலில் உள்ளவர்கள்