எங்கள் மீன்களைப் புது வீடு சேர்த்தவர்களுக்கு நன்றி

வீடு மாறும் வேலையில் எங்கள் மீன் தொட்டியையும் அதில் இருந்த உயிர்களையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த எல்லோருக்கும் வணக்கம். நேரில் பார்த்தபோது நன்றி சொன்னோம். ஆனால் யாருக்கு எதற்காக என்று விவரமாகச் சொல்ல ஆசை. அதனால்தான் இந்த மடல்.

"மீன்களை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஏஞ்சல் ஜோடியும் கோரிடோராஸ் கூட்டமும் நியான் டெட்ராக்களும் எங்களோடு வளர்ந்தவை. நாங்கள் அறைக்குள் வந்தாலே கண்ணாடி ஓரமாக வந்து நிற்பவை. அவற்றை விட்டுவிட்டு வர எங்களுக்கு மனம் இல்லை. "எடுத்துட்டே போகலாம், நான் கூட வர்றேன்" என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான், அண்ணா. அதற்கு அப்புறம்தான் எங்களுக்குத் தைரியமே வந்தது.

மீன்களுக்கு முன்னால் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். அங்கே வந்திருந்த பாதிப் பேருக்கு அது புரியவில்லை. நீங்கள் பொறுமையாக விளக்கியதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். மீன்கள் வெளிவிடும் அம்மோனியா அந்த மீன்களுக்கே விஷம். ஒரு வகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. இந்த நுண்ணுயிரிகள் தண்ணீரில் இருப்பது கொஞ்சம்தான். பெரும்பாலும் ஃபில்டரில் உள்ள ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும், தொட்டியின் சரளைக்கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை ஒன்றுமில்லாமலிருந்து பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். அதுவரை மீன்கள் தாங்குமா?

இந்த நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். மோட்டாரை நிறுத்தி ஃபில்டரை மூடியபடியே வைத்தால் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். அதனால் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு, காற்றுக் குமிழிகள் விடும் காற்றுக்கல்லையும் உள்ளே இறக்கிவிட்டீர்கள். உதவ வந்த ஒருவர் அழுக்காக இருக்கிறதே என்று அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசப் போனார். நீங்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நிறைய நுண்ணுயிரிகளைக் கொன்றிருக்கலாம். அன்றைக்கு எங்கள் மீன்களைக் காப்பாற்றியது அந்த ஓட்டம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சித்தி, முந்தின நாள் மீன்களுக்குத் தீனி போட வேண்டாம் என்று நினைவாகப் போன் செய்து சொன்னீர்கள். வயிறு காலியாக இருந்தால் வழியில் கழிவு குறையும், தண்ணீரும் கெடாது. பசியோடு அனுப்புகிறோமே என்று கலங்கிய குழந்தைகளுக்கு, ஆரோக்கியமான மீன்கள் ஓரிரு நாள் தீனி இல்லாமல் நன்றாகவே இருக்கும் என்று நீங்களே சமாதானமும் சொன்னீர்கள்.

தொட்டியைத் தூக்கிய தம்பிகளுக்குத் தனி நன்றி. 200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கொஞ்சம் தண்ணீரோடு நகர்த்தினால்கூடக் கண்ணாடி ஒட்டுகளில் அழுத்தம் ஏறிக் கசிவு வரலாம். நீங்கள் அவசரப்படவே இல்லை. ஹீட்டரை அணைத்துத் தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்டு, பிறகு தண்ணீரை வடித்து, சரளையையும் அள்ளிய பின்புதான் தொட்டியில் கை வைத்தீர்கள். மேல் விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்கி, சமமான பலகையில் வைத்துக் கொண்டுபோனீர்கள். புது வீட்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஸ்டாண்ட் ஆடாமல் நிற்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் இறக்கினீர்கள்.

வண்டி ஓட்டிய ஐயா, மீன்கள் இருந்த தெர்மோகோல் பெட்டிகளைப் பின்னால் சாமான்களோடு போட வேண்டாம், சூடு ஏறும் என்று சொல்லி உங்கள் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினீர்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி நின்று ஏறி இறங்கியது. அக்கா மகள், கோரிடோராஸ் இருந்த மூடி போட்ட வாளியையும் பேட்டரி ஏர் பம்பையும் வழி முழுக்கக் கைவிடாமல் பார்த்துக்கொண்டாள். அவற்றின் துடுப்பு முள் பிளாஸ்டிக் பையைக் குத்திக் கிழித்துவிடும் என்பதால்தான் வாளி. இனி யார் கேட்டாலும் அவளே விளக்கிச் சொல்லிவிடுவாள்.

கடைசியில் மறுபடியும் அண்ணாவிடம்தான் வருகிறேன். ஏஞ்சல்கள் வந்த பைகளைத் திறந்து, புதுத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலக்கலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நீண்ட பயணத்துக்கு அப்புறம் அது ஆபத்து என்றீர்கள். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் அமிலத்தன்மை கூடியிருக்கும். பை மூடியிருக்கும்வரை அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேற, அது மறுபடி விஷமாக மாறும். அதனால் பைகளை மூடியபடியே மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமானதும் திறந்து, மீனை மட்டும் எடுத்து உடனே விட்டோம். பழைய தொட்டித் தண்ணீரையும் கேன்களில் கொண்டுவந்து சேர்த்திருந்ததால் மீன்களுக்குத் தண்ணீர் அந்நியமாகவும் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் சோதித்தபோதெல்லாம் அம்மோனியாவும் சுழியம், நைட்ரைட்டும் சுழியம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. டெட்ராக்கள் சில நாள் நிறம் வெளுத்துச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தன. இப்போது பழைய பளபளப்போடு நடுத்தொட்டியில் திரிகின்றன.

பேட்டரி ஏர் பம்பும் மூடி போட்ட வாளிகளும் தெர்மோகோல் பெட்டிகளும் எங்களிடமே இருக்கின்றன. உங்களில் யாராவது தொட்டியோடு வீடு மாறினால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாமான்களோடு நாங்களும் வருகிறோம்.

அன்போடும் நன்றியோடும்,
மீன் தொட்டி வீட்டுக்காரர்கள்