மகள், நீ போகத்தான் வேண்டும்

கொட்டகலை

அன்பு மகளுக்கு,

மாகாண சபைத் தேர்தல் வந்தால் வேட்பாளராக நிற்கும்படி உன்னைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படிப்பித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதா என்று அம்மா கவலைப்படுகிறார். நீ போகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

பாடசாலையை விட்டு நான் அந்தச் சபைக்குப் போனதற்கு ஒரு கடிதம்தான் காரணம். என்னிடம் படித்த பையன் ஒருவன் உயர்தரத்தில் சித்தியடைந்து, ஒரு நேர்முகப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏது முகவரி? கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, மற்றத் தபால்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது. தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அவனுடைய தாயிடம் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து சில நாட்களாகியிருந்தன. அந்தப் பழுப்பு உறையின் ஓரத்தில் அவளுடைய விரல்களின் கொழுந்துக் கறை படிந்திருந்தது. அதை என்னிடம் நீட்டிவிட்டு அவன் ஒன்றும் பேசாமல் நின்றான்.

சபையில் நான் முதலில் எழுப்பியது அந்த விடயத்தைத்தான். தபால் மத்திய அரசுக்கு உரியது, மாகாணத்துக்கு அதில் அதிகாரமில்லை என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியான பதில். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் அதிகாரங்களை மாகாணத்துக்கு உரியவை, மத்திக்கு உரியவை, இரண்டுக்கும் பொதுவானவை என்று மூன்று நிரல்களாகப் பிரித்திருக்கிறது. அன்றிரவு அவற்றை வரிவரியாகப் படித்தேன். நீயும் படி. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ் வருகின்றன. அங்கேதான் உன் கைக்கு வேலை இருக்கிறது.

மக்கள் கூரைத் தகரம் கேட்பார்கள், கோயிலுக்கு ஒலிபெருக்கி கேட்பார்கள். உறுப்பினருக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து முடிந்ததைக் கொடு. ஆனால் அதோடு நின்றுவிடாதே. ஒரு பாடசாலைக்கு இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தால் யாரும் மாலை போடமாட்டார்கள். அதுதான் பெரிய வேலை. வலயக் கல்விப் பணிமனையின் பட்டியலில் அந்த இடம் நிரம்பியதாகவே இருக்கும். ஆளோ தற்காலிக இணைப்பில் நகரத்துப் பாடசாலையில் இருப்பார். வகுப்பறையில் நின்றவருக்குத்தான் இந்தச் சூட்சுமம் உடனே பிடிபடும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலிருந்து வெளியேறுகிற நம் பிள்ளைகள் எங்கே நியமிக்கப்படுகிறார்கள், எத்தனை பேர் அங்கேயே தங்குகிறார்கள் என்று பெயர் பெயராகக் கேள். எழுத்தில் கேள். வாய்ப்பேச்சுக்கு வாயாலேயே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

58 உறுப்பினர்கள் இருந்த நம் மத்திய மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது. அதன் பிறகு நிர்வாகம் ஆளுநரின் கையில். அதிகாரிகளில் நல்லவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு தாய் தன் பிள்ளையின் பாடசாலைக்காகப் போய்க் கதவைத் தட்ட, அவளுடைய வாக்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டாமா?

உன் தாத்தா 1947 தேர்தலில் வாக்களித்தவர். மலையகத் தோட்டங்களின் பிரதிநிதிகள் ஏழு பேர் அன்று பாராளுமன்றம் போனார்கள். மறு ஆண்டே நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. அவருடைய பேத்தியைத் தேடி வந்து வேட்பாளராக நில் என்று கேட்கிறார்கள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விடயம் தெரியுமா?

சிங்களத்தில் சட்டத்தை வாசிக்கிற அளவுக்குப் பழகிக்கொள். தமிழும் அரசகரும மொழிதான், சபையில் தயங்காமல் தமிழில் பேசு. ஆனால் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உன் கண்ணாலேயே பார்க்கத் தெரிய வேண்டும்.

உங்கள் வலயத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு எந்தெந்தப் பாடசாலையில் ஆசிரியர் இல்லை என்று இப்போதே குறித்து வை. தவணை விடுமுறைக்கு வரும்போது அதைக் கொண்டு வா, இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா