தங்கச்சிக்குப் பாடிய பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போராட்டப் பாடல்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்போதைய பாட்டுகளில் கோபம் போதவில்லை, அதனால்தான் சமூகம் அசைய மாட்டேன் என்கிறது என்பது கட்டுரையாளரின் வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கண்ணெதிரே ஊரை அசைத்த பாட்டில் கோபம் மருந்துக்கும் இல்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்னவாசல் பக்கம் நானும் ஒரு தொண்டர். ராத்திரி வகுப்பு எடுக்கப் பக்கத்து ஊருக்குப் போகவேண்டும். பஸ் இருக்காது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தின் வேலையாகவே சேர்த்துவிட்டார். அதற்காக முத்து பாஸ்கரன் எழுதியதுதான் தங்கச்சியைச் சைக்கிள் கற்றுக்கொள்ளக் கூப்பிடும் அந்தப் பாட்டு. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு முதல் வரி சொன்னால் போதும், மிச்சம் தானாக வரும்.

அதில் யாரையும் திட்டவில்லை. "பொம்பளையை அடக்கி வைத்தவனே" என்று ஒரு வரி இருந்திருந்தால், எங்கள் தெரு ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். மாமியார்கள் அவர்களுக்கும் முன்னால் போயிருப்பார்கள். இந்தப் பாட்டைப் பாடுகிறவர் யாரானாலும் பாடும் நேரத்துக்கு ஓர் அண்ணனாகவோ அக்காவாகவோ ஆகிவிடுகிறார். தங்கையிடம் பேசுகிற தொனியில் பாடிக்கொண்டே அவளைத் தடுக்க எப்படி மனசு வரும்? "பொட்டச்சி சைக்கிள் மிதிச்சா குடும்பம் விளங்குமா" என்று கேட்ட என் மாமியார், இந்தப் பாட்டோடு அறிவொளிக் கலைக்குழு வந்து போன பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தார், எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் பாட்டைப் பிடித்துக்கொண்டது சின்னப் பையன்கள். நாங்கள் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத் தடுமாறும்போது பின்னாலேயே ஓடிவந்து ஊளையிடுவார்கள். அப்புறம் ஊளையை விட்டுவிட்டு இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு ஓடிவந்தார்கள். கேலிதான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பாட்டை வைத்தே கேலி!

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். முன்னால் பார் இருப்பதால் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. கேரியரில் தண்ணீர்க் குடம், பாரில் பிள்ளை, ஏற்றிச் சொருகிய சேலை என்று போவது கொஞ்ச நாளில் சாதாரணக் காட்சியாகிவிட்டது.

இதெல்லாம் பாட்டால் மட்டுமே நடந்தது என்று சொன்னால் அது பொய். சைக்கிள் வாங்கக் கடன் கிடைத்தது. கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு வந்ததால் சிலர் கையில் காசும் புழங்கியது. பாட்டு கூப்பிட்ட இடத்துக்குப் போக வழி இருந்தது. எல்லாப் பாட்டுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பக்கத்து மாவட்டமான திருச்சியில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் பாடகர் கோவன் 2015-இல் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். அவர் பாடியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பாட்டுக்குப் பின்னால் கலெக்டர் நின்றார். கோவன் பாட்டுக்குப் பின்னால் போலீஸ் வந்தது. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் எந்தப் பாட்டுக்கு வீரியம் அதிகம் என்று கட்டுரையாளர் எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. இப்போது செல்போனில் வரும் பாட்டுகள் பெரும்பாலும் ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேருகின்றன. கேட்கிறோம், தலையாட்டுகிறோம், அடுத்தவருக்கு அனுப்புகிறோம். தயங்கி நிற்கிற அண்ணனையோ மாமியாரையோ பார்த்துப் பாடுகிற பாட்டு எனக்கு அதிகம் வரவில்லை. சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை வீட்டுக்குள் கூப்பிடச் சொல்லி, அவளுடைய அப்பாவிடமே பாடுகிற மாதிரி யாராவது எழுதியிருக்கிறார்களா? இருந்தால் உங்கள் இதழிலேயே வெளியிடுங்கள்.

கலைக்குழுவில் பாடியவர்களில் பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. பாட்டு நோட்டுகள் சில வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கின்றன, கரையான் மிச்சம் வைத்த அளவுக்கு. ஒரு நிருபரை அனுப்பினால் நானே வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் அறிவொளித் தொண்டர்,
அன்னவாசல், புதுக்கோட்டை மாவட்டம்.